வாய்க்கால் ஓரத்துக் காட்டு நெல்: பர்மாத் தமிழ் உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெகு, தட்டோன், மோல்மேன் பக்கங்களில் இன்றும் நெல் பயிரிடுகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பெகுவுக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டிய கிராமம் ஒன்றில் அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவன் நான். பயிர்ப் பாதுகாப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தேன். அறுவடை முடிந்து கோயில் திருவிழாவுக்கு ஊர் கூடும்போது, மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து உறவினர்களும் பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: வாய்க்காலில் தானாக முளைக்கிற காட்டு நெல்லுக்கும், வயலில் நோய் தாக்கிச் சாய்கிற நம் நெல்லுக்கும் என்ன உறவு?

காட்டு நெல் என்று நீங்கள் சொல்வது, வயலில் முளைத்துத் தொல்லை கொடுக்கும் அந்தக் களைநெல்லையா?

இல்லை. இரண்டும் நெருங்கிய சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. களைநெல் பெரும்பாலும் பயிர் நெல்லும் காட்டு நெல்லும் கலந்ததால் பிறந்தது. சில இடங்களில் பயிர் நெல்லே தடம் மாறி அப்படி ஆகிவிடுகிறது. அது வயலை விட்டு வெளியே அதிகம் பிழைக்காது. காட்டு நெல் அப்படியல்ல. மனிதன் உழவு கற்பதற்கு முன்பே குளத்திலும் ஓடையிலும் வாழ்ந்த இனம் அது. நாம் விதைக்கிற நெல் அதிலிருந்து பிரிந்து வந்த பிள்ளை.

நம் முன்னோர் இதற்குக் குளநெல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வடமொழியில் நீவாரம். தாவரவியலாளர்கள் ஒரு காட்டு இனத்துக்கு 'ஒரைசா நிவாரா' என்று பெயரிட்டபோது அந்தப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

அடையாளம் காண விரும்புகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் ஓரம் போய்ப் பாருங்கள். கதிர் மெலிந்து விரிந்திருக்கும். ஒவ்வொரு மணியின் நுனியிலும் விரல் நீள மீசை இருக்கும்; வெயிலில் அது செம்மை ஓடித் தெரியும். கதிரை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தட்டினால் முதிர்ந்த மணிகள் அப்படியே உதிர்ந்துவிடும். உமியை உரித்தால் உள்ளே அரிசி சிவந்திருக்கும். பயிர் நெல்லில் இப்படி உதிர்ந்தால் அறுவடையே இல்லை. காட்டு நெல்லுக்கோ உதிர்வதுதான் பிழைப்பு.

பர்மாவில் எத்தனை வகைக் காட்டு நெல் இருக்கிறது?

உலகத்தில் பயிராகும் நெல் இனம் இரண்டு: ஆசிய நெல், ஆப்பிரிக்க நெல். காட்டு இனங்கள் இருபதுக்கும் மேல். அவற்றில் நம் கண்ணில் படக்கூடியவை சில.

'நிவாரா' ஓராண்டுப் பயிர். மழையில் நிரம்பிக் கோடையில் வற்றுகிற குட்டையிலும் சாலையோரப் பள்ளத்திலும் இருக்கும். 'ரூஃபிபோகன்' பல ஆண்டுகள் வாழும். எப்போதும் நீர் நிற்கிற சதுப்பிலும் ஆழமான வாய்க்காலிலும் தண்டு மிதக்கக் கிடக்கும். ஐராவதி டெல்டாவில் படகில் போகிறவர்கள் இதைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். 'ஒஃபிசினாலிஸ்' ஓடைக்கரையிலும் தோப்பு ஓரத்திலும் அரைநிழலில் வளரும், மணி சிறியது. 'கிரானுலாட்டா' காட்டுக்குள், மர நிழலில், மலைச்சரிவில் வளரும் குட்டையான இனம். அதைப் பார்த்தால் நெல் என்றே தோன்றாது.

கடற்கரைக் கழிமுகத்து உப்புச் சேற்றில் வளரும் இன்னொரு இனமும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மருந்தடித்து உரம் போட்டு வளர்க்கிற நம் நெல்லுக்கு இல்லாத எதிர்ப்பு, யாரும் கவனிக்காத புல்லுக்கு எப்படி வந்தது?

யாரும் கவனிக்காததால்தான் வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், தத்துப்பூச்சி எல்லாம் அதைத் தாக்கிக்கொண்டே இருந்தன. தாங்காத செடி மணி விடாமல் மடிந்தது. தாங்கிய செடியின் மணி உதிர்ந்து அடுத்த மழையில் முளைத்தது.

நம் நெல்லின் கதை வேறு. உழவுக்கு வந்த காலத்தில் மனிதன் சில செடிகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனான். உதிராத கதிர், பெரிய மணி, ஒன்றாக முதிர்வது என்று தனக்கு வேண்டியதைத் தேர்ந்தான். தேராமல் விட்ட செடிகளோடு எத்தனையோ எதிர்ப்பு மரபணுக்கள் வாய்க்காலிலேயே தங்கிவிட்டன. இன்று நூறு ஏக்கருக்கு ஒரே ரகத்தைப் போடுகிறோம். ஒரு செடியை வீழ்த்தக் கற்ற நோய்க்குப் பக்கத்துச் செடியும் அதே செடிதான்.

ஆனால் காட்டு நெல் எல்லாம் எல்லா நோயையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை தாங்காது. ஆயிரத்தில் ஒன்று தாங்கும். அந்த ஒன்று எந்தக் குட்டையில் இருக்கிறது என்பது தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ஒன்று நிஜமாகவே கிடைத்த கதை உண்டா?

உண்டு. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை அதுதான்.

நெல்லில் புல்தழைக் குட்டை நோய் என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. புகையான் என்று நாம் சொல்லும் பழுப்புத் தத்துப்பூச்சிதான் அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். நோய் கண்ட தூர் குட்டையாகி, புல் புதர் போல எக்கச்சக்கமாகச் சிம்பு வெடித்து, இலை வெளிறிக் குறுகிவிடும். கதிர் வராது. மருந்தும் கிடையாது. 1960களில் குட்டை ரகங்கள் பரவி ஆண்டு முழுவதும் நெல் நின்றபோது, புகையானும் பெருகியது, நோயும் பெருகியது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன்னிடம் இருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை ஒவ்வொன்றாக நோய்க்கு உட்படுத்திப் பார்த்தது. பயிர் நெல் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரி. அது 1963இல் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த 'நிவாரா'. அந்த மாதிரியில்கூட எல்லாச் செடியும் தாங்கவில்லை. சில செடிகள்தான் தாங்கின. பஞ்சாபில் பிறந்த குர்தேவ் சிங் குஷ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அந்தச் செடிகளைப் பயிர் நெல்லோடு கலந்து, திரும்பத் திரும்பப் பயிர் நெல்லோடே சேர்த்து, எதிர்ப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1974இல் ஐ.ஆர். 28, 29, 30 என்ற ரகங்கள் வந்தன. 1976இல் ஐ.ஆர். 36 வந்தது. 1980களில் உலகத்தில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் அந்த ஒரே ரகம் நின்றது. தமிழ்நாட்டில் நம் உறவினர்கள் குறுவைக்குப் போட்ட ஐ.ஆர். 36, ஐ.ஆர். 50 இரண்டிலும் அந்தக் குளநெல்லின் ரத்தம் ஓடுகிறது.

1963இல் அந்தப் பக்கம் போனவர் அந்தக் கதிரை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒரு நெல் நோய் அவ்வளவு பெரிய ஆபத்தா? ஒரு போகம் போனால் அடுத்த போகம் வருமே?

நம் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கதை. 1930களில் பர்மா ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. அந்த வயல்களில் நாற்று நட்டவர்களிலும் ஆலையில் மூட்டை தூக்கியவர்களிலும் நம்மவர் ஏராளம். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் நம்மவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பர்மா அரிசி வங்காளத்துக்குப் போவது நின்றது. அதே ஆண்டு வங்காளத்தில் நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் என்னும் பூஞ்சை நோய் கடுமையாகத் தாக்கியது. 1943இல் பஞ்சம். செத்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

நோய் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். போர், விலையேற்றம், பதுக்கல், ஆட்சியாளர்களின் முடிவுகள் எல்லாம் சேர்ந்துதான் மக்களைக் கொன்றன. ஆனால் அடுத்த போகம் வரும்வரை காத்திருக்க எல்லோராலும் முடிவதில்லை என்பதை அந்த ஆண்டு காட்டியது.

என் மனோதுக்கா ரக நெல் வயலில் இலை ஓரம் வெளுத்துக் காய்கிறது. பூச்சி மருந்து அடித்தும் நிற்கவில்லை. ஏன்?

அது பூச்சியே இல்லாமல் இருக்கலாம். வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தில் இலையைக் கத்தரியுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் வைத்து, வெட்டிய முனை நீரில் படும்படி நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தம்ளரைப் பிடித்துச் சில நிமிடம் பொறுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல் போல ஒன்று கீழே இறங்கினால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோய். அந்த நூல் முழுவதும் கோடிக்கணக்கான பாக்டீரியா. விடியற்காலையில் இலை ஓரத்தில் மஞ்சள் பால்துளி போல ஒட்டியிருப்பதும் அதுவே. பூச்சி மருந்து இதை ஒன்றும் செய்யாது. யூரியா கூடினால் நோயும் கூடும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிள்ளிய காயம் நோய்க்குத் திறந்த வாசல்.

இந்த நோய்க்கு உலகம் நம்பும் எதிர்ப்புகளில் ஒன்றும் காட்டு நெல்லின் கொடைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த 'லாங்கிஸ்டாமினாட்டா' என்ற காட்டு நெல், இந்தியாவில் இருந்த எல்லா வகை இலைக்கருகல் பாக்டீரியாவையும் தாங்குவதாக 1977இல் கட்டாக்கில் கண்டார்கள். மறு ஆண்டு அது லாஸ் பான்யோஸுக்குப் போனது. பயிர் நெல்லோடு கலந்து, அந்த மரபணுவைப் பிரித்தறிந்து எக்ஸ்.ஏ. 21 என்று பெயரிட 1990 ஆகிவிட்டது. 1995இல் கலிபோர்னியாவில் பமீலா ரொனால்டு குழுவினர் அந்த மரபணுவையே தனியாக எடுத்துப் படித்துவிட்டார்கள்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. மனோதுக்கா என்பது மலேயாவுக்காக உருவான மசூரி ரகத்தின் வழிவந்தது. தமிழ்நாட்டு வெள்ளைப் பொன்னியும் மசூரியிலிருந்து தேர்ந்ததே. அங்கே ஆந்திரா பொன்னி என்று விற்கும் சம்பா மசூரிக்கும் மசூரி ஒரு பெற்றோர். பெகுவில் நீங்கள் சமைக்கும் சோறும் தஞ்சாவூரில் உங்கள் அத்தை சமைக்கும் சோறும் ஒரே கொடியில் காய்த்தவை. இலைக்கருகலுக்கு எளிதில் விழும் குணமும் இந்த வம்சத்தில் இருக்கிறது. ஹைதராபாத் விஞ்ஞானிகள் சம்பா மசூரியில் எக்ஸ்.ஏ. 21ஐயும் இன்னும் இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து, 2008இல் மேம்படுத்திய சம்பா மசூரியாக வெளியிட்டார்கள். அரிசி அதேதான், இலைதான் கருகுவதில்லை. மனோதுக்காவுக்கும் அப்படி ஒன்று ஒவ்வொரு கடையிலும் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

புகையானுக்கும் காட்டு நெல்லில் வழி இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. தோப்பு ஓரத்தில் வளரும் என்று சொன்னேனே, அந்த 'ஒஃபிசினாலிஸ்' புகையானுக்குக் கடுமையான எதிரி. அதன் எதிர்ப்பை ஏற்றிய ரகங்களை வியட்நாம் தன் மீகாங் டெல்டாவில் விட்டது. ஆஸ்திரேலியக் காட்டு நெல் ஒன்றிலிருந்தும் எதிர்ப்பு எடுத்திருக்கிறார்கள். குலை நோய் என்னும் பூஞ்சை நோய்க்குப் பிலிப்பைன்ஸின் 'மினூட்டா' என்ற காட்டு நெல் உதவியது.

காட்டு நெல்லோடு எப்படிக் கலக்கிறார்கள்? பக்கத்தில் பக்கத்தில் நட்டால் போதுமா?

போதாது. நெல் தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்கும் பயிர். பூ விரியும் நேரத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆகவே முந்திக்கொள்ள வேண்டும்.

நான் முதன்முதலில் பார்த்தது இப்படி. மாலையில் ஓர் அக்கா தொட்டியில் நின்ற நெற்கதிரின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் விரியப்போகிற பூக்களை மட்டும் விட்டுவிட்டு, விரிந்து முடிந்தவற்றையும் பிஞ்சுகளையும் நறுக்கிப் போட்டார். ஒவ்வொரு பூவின் உமியிலும் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சிறு கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினார். உள்ளே ஆறு மகரந்தப்பைகள். மஞ்சள்கூட ஏறாத இளம்பச்சை. மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஆறு எண்ணி முடித்தபிறகே அடுத்த பூவுக்குப் போனார். ஒன்று தங்கினாலும் அந்த மணி பொய். முடிந்ததும் கதிருக்கு எண்ணெய்க் காகிதப் பை மாட்டித் தேதி எழுதினார். மறுநாள் பத்து, பதினொரு மணிக்குக் காட்டு நெல்லின் கதிரைக் கொண்டுவந்து, பையின் வாயைத் திறந்து, மேலே பிடித்து உதறினார். வெயிலில் பொடி இறங்குவது தெரிந்தது. அவ்வளவு பாடுபட்டு அந்தக் கதிரில் விளைந்தவை பதினொரு நெல்மணிகள். அவர் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நெடும்பயணம். முதல் தலைமுறையில் பாதி காட்டு நெல். உதிரும், சாயும், மீசை முளைக்கும். அதைத் திரும்பவும் நல்ல ரகத்தோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்டு நெல்லின் பங்கு பாதியாகும்: கால், அரைக்கால், வீசம் என்று குறையும். இப்படி ஆறு முறை போனால் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளுக்கு நோய் கொடுத்து, தாங்குவதை மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும். எதிர்ப்பு மரபணுவுக்குப் பக்கத்திலேயே வேண்டாத குணம் ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்க இன்னும் பல ஆண்டு ஆகும். இப்போது இலையில் ஒரு துண்டு கிள்ளி மரபணு அடையாளம் பார்த்தே தேர்ந்துவிடுகிறார்கள். நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடும்.

'நிவாரா', 'ரூஃபிபோகன்' இரண்டும் நம் நெல்லுக்கு மிக நெருங்கிய சொந்தம் என்பதால் கலப்பு எளிது. 'ஒஃபிசினாலிஸ்' தூரத்துச் சொந்தம். கலந்தால் கரு உண்டாகும், ஆனால் மணிக்குள் பால் பிடிக்காமல் மடியும். ஆகவே இரண்டு வாரத்துக்குள் அந்தக் கருவை நுண்ணோக்கியின் கீழ் எடுத்து, சத்துக்கூழ் ஊற்றிய சோதனைக்குழாயில் வைத்து வளர்க்கிறார்கள். குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பது போல.

அப்படியானால் இது மரபணு மாற்றுப் பயிர்தானே?

நான் மேலே சொன்ன வழியில் வந்தவை மரபணு மாற்றுப் பயிர் அல்ல. மகரந்தம் சேர்த்து மணி எடுத்த கலப்பு ரகங்கள். ஐ.ஆர். 36ம் மேம்படுத்திய சம்பா மசூரியும் அப்படி வந்தவையே.

அரிசியின் சுவை கெட்டுவிடாதா? நம் போசான் அரிசியை யாராவது கெடுத்துவிட்டால்?

உங்கள் பயம் நியாயமானது. போசான் 2011இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு பெற்றது. வெந்ததும் நீளும் அந்தச் சோற்றுக்கும் அதன் மணத்துக்கும் ஈடில்லை. ஆறு, ஏழு முறை தாய் ரகத்தோடே சேர்த்தால் சுவையும் மணமும் திரும்பிவிடும். அந்தப் பொறுமை இல்லாமல் இரண்டு, மூன்று சுற்றிலேயே அவசரப்பட்டு வெளியிட்டால்தான் கெடும்.

ஒரு முறை எதிர்ப்பு ஏற்றிவிட்டால் என்றைக்கும் நிலைக்குமா?

நிலைக்காது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புகையானைத் தாங்கும் என்று 1973இல் ஐ.ஆர். 26ஐ வெளியிட்டார்கள். இரண்டு, மூன்று ஆண்டில் அதையும் தின்னக்கூடிய புகையான் பெருகிவிட்டது. வேறு மரபணு கொண்ட ஐ.ஆர். 36 வந்துதான் காப்பாற்றியது. ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் போட்டால், ஒரு சாவி செய்தவன் எல்லா வீட்டுக்குள்ளும் போய்விடுவான். அதனால்தான் இப்போது இரண்டு, மூன்று மரபணுக்களைச் சேர்த்தே ஏற்றுகிறார்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே ரகத்தைப் போடாதீர்கள் என்றும் சொல்கிறார்கள்.

விதை வங்கியில் சேர்த்து வைத்திருக்கிறார்களே, வாய்க்காலில் வேறு எதற்கு இருக்க வேண்டும்?

வங்கி வேண்டும். லாஸ் பான்யோஸில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரில் உறங்குகின்றன. காட்டு நெல்லும் அவற்றில் பல ஆயிரம். நம் நாட்டில் யெசினில் வேளாண் ஆராய்ச்சித் துறையின் விதை வங்கி இருக்கிறது. ஆனால் உறைபெட்டியில் இருக்கும் மணி, வைத்த நாளில் கற்றிருந்ததோடு நின்றுவிடுகிறது. வாய்க்காலில் நிற்கும் செடிதான் இந்த ஆண்டுப் புகையானையும், இந்த ஆண்டுப் பூஞ்சையையும் சந்திக்கிறது. நோய் மாறிக்கொண்டே இருக்கும்போது, அதோடு சேர்ந்து மாறுகிற செடியும் எங்காவது உயிரோடு இருக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. வயல் எங்கும் பரவப் பரவ, பயிர் நெல்லின் மகரந்தம் குட்டைக் காட்டு நெல்லில் விழுந்துகொண்டே இருக்கிறது. கலப்பில்லாத காட்டு நெல் வயலுக்கு எட்டாத சதுப்பில்தான் மிஞ்சுகிறது. அந்தச் சதுப்பையும் மண்ணடித்து மேடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

நெல்லுக்கு மட்டும்தானா, மற்ற தானியங்களுக்கும் உண்டா?

எல்லாவற்றுக்கும் உண்டு. கோதுமையின் துரு நோய்க்கு மேற்கு ஆசியாவின் காட்டுப் புற்களே பெரும் கொடையாளிகள். அமெரிக்காவில் சியர்ஸ் என்பவர் 1956இல் ஒரு காட்டுப் புல்லின் எதிர்ப்பை எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கோதுமைக்குள் ஏற்றினார். மக்காச்சோளத்துக்கு மெக்சிகோவின் ஹலிஸ்கோ மலையில் 1970களின் இறுதியில் கண்ட பல்லாண்டு வாழும் காட்டு இனம் பல வைரஸ்களைத் தாங்குகிறது. அது வளரும் மலையையே 1987இல் காப்பகம் ஆக்கினார்கள். நம் கம்புக்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்து வந்த காட்டுக் கம்பு துரு எதிர்ப்பைக் கொடுத்தது.

நர்கிஸ் புயலில் எங்கள் சொந்தக்காரர் நிலத்தில் கடல்நீர் ஏறியது. உப்புக்கும் காட்டு நெல்லில் ஏதாவது இருக்கிறதா?

2008 மே 2ஆம் தேதி இரவு டெல்டாவில் நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. 1,30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். தப்பியவர்களின் நிலத்தில் உப்பு தங்கியது.

உப்பு என்பது நோயல்ல. ஆனால் தேடும் வழி ஒன்றுதான். இந்தியா, பங்களாதேஷ், பர்மா கழிமுகங்களில் அலை ஏறி இறங்கும் சேற்றில் 'கோஆர்க்டாட்டா' என்ற காட்டு நெல் வளர்கிறது. இலையில் இருக்கும் நுண்ணிய முடிகள் வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும். நம் நெல்லுக்கு அது மிகத் தூரத்துச் சொந்தம் என்பதால் கலப்பு மிகக் கடினம். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் அதன் மரபணுக்களை நெல்லில் ஏற்ற நெடுநாளாக உழைத்தது. வயலுக்கு வந்து நிற்கும் ரகம் இன்னும் ஆகவில்லை. ஆகும் என்றே நம்புகிறேன்.

காட்டு நெல்லைக் காக்கச் சொல்கிறீர்கள். என் வயலில் களைநெல் வந்தால் அதையும் விட வேண்டுமா?

வயலுக்குள் விடாதீர்கள். பூக்கும் முன்பே பிடுங்குங்கள். ஒரு முறை உதிர்ந்தால் மண்ணுக்குள் பல ஆண்டு கிடந்து முளைக்கும். விதைநெல்லை முறத்தில் பரப்பிச் சிவந்த மணியைப் பொறுக்குங்கள். தொல்லை அதிகமான வயலில் தெளிப்பதைவிட வரிசையாக நடுவது நல்லது. வரிசைக்கு வெளியே நிற்பது எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். உழுது நீர் காட்டி, களைநெல்லை முளைக்கவிட்டு, மீண்டும் உழுது புரட்டியபிறகு நடுங்கள். நெல்லுக்குப் பின் உளுந்தோ பாசிப்பயறோ போடுவது நம் பக்கத்து வழக்கம்தான், அதை விடாதீர்கள்.

என் தகப்பனார் ஒரு நெல்மணியைக்கூட விடமாட்டார். வயலுக்குள் இருந்ததைப் பிடுங்கி, வரப்பைச் செதுக்கி, அப்படியே வாய்க்காலுக்கும் இறங்கிவிடுவார். நானும் கூடவே இறங்கிப் பிடுங்கியிருக்கிறேன். அந்த வாய்க்கால் காட்டு நெல் எந்த நோயைத் தாங்கியிருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வேலை கற்றபிறகு இது எனக்குப் பெரிய வருத்தமாகிவிட்டது.

அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன?

வயலுக்கும் காட்டு நெல்லுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். வயலோரத்து வாய்க்காலைத் தூர்வாரத்தான் வேண்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே, கோயில் குளத்தின் அக்கரையில், ரயில் பாதையோரப் பள்ளத்தில், யாருக்கும் பயன்படாத சதுப்பில் நிற்பதை விட்டுவையுங்கள். களைக்கொல்லி அடிக்க வேண்டாம், குப்பை கொட்டி மேடாக்க வேண்டாம்.

உங்கள் வயல் முழுவதும் நோயில் விழுந்த ஆண்டில், பக்கத்துக் குட்டைக் காட்டு நெல் பச்சையாக நின்றால் அதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். எந்த இடம், எந்த மாதம், எந்த நோய் என்று மூன்றும் எழுதுங்கள். மணி எடுக்க வேண்டுமானால் முதிரும் முன்பே கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் நீங்கள் போகும்போது கதிர் வெறுமையாக இருக்கும். ஒரே செடியில் எடுக்காதீர்கள். ஐம்பது செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, அருகிலுள்ள வேளாண் அலுவலரிடம் கொடுங்கள்.

சென்ற கார்த்திகையில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேரோடு ரயில் பாதையோரம் நடந்தேன். ஒரு சிறுமி கதிரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது கையிலேயே நிற்கமாட்டேன் என்கிறது" என்றாள். அவளுடைய பாட்டியின் பழைய சேலையைக் கிழித்துப் பதினாறு பைகள் தைத்தோம். பத்து நாள் கழித்துப் போனபோது பதினாறிலும் மணி இருந்தது. உறைகளின் மேல் அவளே தமிழிலும் பர்மிய மொழியிலும் இடத்தையும் தேதியையும் எழுதினாள்.